ஐந்தடித் தூரம்

“தம்பி, இந்தக் கார்டுல இருக்கிறது நான் இல்ல.”

எழுபத்தெட்டு வயதை எட்டிய ஒரு மூதாட்டி, தமது தேசிய அடையாள அட்டையை எம்மிடம் நீட்டியவாறு இப்படிச் சொன்னார். பெயர் அவருடையது, பிறந்த ஆண்டும் அவருடையது, சற்றுப் பொறுமையுடன் உற்று நோக்கினால் முகமும் அவருடையதுதான். அப்படியிருக்க, “நான் இல்ல” என்று அவர் மறுத்த காரணம் எமக்கு உடனே விளங்கவில்லை. அட்டையைத் திரும்ப வாங்கி, அந்தச் சிறு கறுப்பு வெள்ளைப் படத்தின் ஓரத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார்.

“பாருங்க, காது மூளியா இருக்கு.”

பிறகு, தாம் எம்மை அழைப்பித்த காரியத்தைச் சொன்னார். “நான் போனதுக்கப்புறம் செவுத்துல மாட்டுறதுக்கு ஒரு படம் வேணும் தம்பி. ரெண்டு காதும் தெரியணும். தோடு தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்.”

வேறொன்றும் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ஒன்றை நிறைவேற்ற எமக்கு எட்டு மாதங்களும் மூன்று வில்லைகளும் பதினொரு பிலிம் சுருள்களும் தேவைப்பட்டன. இனி வருவது பெரும்பாலும் கமரா வில்லைகளைப் பற்றிய பேச்சு. கடைக்காரரின் விளம்பரம் போல அது எங்கேனும் ஒலித்தால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அந்த மூதாட்டியின் காதுகளை விட்டு நாம் நெடுந்தூரம் போய்விட மாட்டோம்.

பல்லேபொல மாத்தளை மாவட்டத்துச் சிறு பட்டினம். சிங்களத்தில் ‘பல்லே’ என்றால் கீழே. ‘பொல’ என்றால் சந்தை. சுற்றிலும் சிங்களக் கிராமங்களே மிகுதி. மிளகுக் கொடியும் தென்னையும் ரப்பரும் கலந்து நிற்கும் மேட்டு நிலங்களிடையே, ஒரு காலத்தில் தோட்டமாயிருந்து பின்னர் துண்டுதுண்டாகிப் போன காணிகளின் ஓரத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ்த் தொழிலாளரின் லயன்கள் எஞ்சியிருக்கின்றன. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டையும் காய்ச்சலையும் கடந்து, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களைத் தனியாரின் கையிலிருந்தும் கம்பனிகளின் கையிலிருந்தும் எடுத்தன. எடுத்த நிலம், அதில் முதுகொடிய உழைத்தவர்களுக்குப் பெரும்பாலும் வந்து சேரவில்லை என்பதை நாம் சொல்லித்தான் வாசகர் அறிய வேண்டும் என்பதில்லை. எமது நண்பர் ஒருவர், பாடசாலை ஆசிரியர், அந்த லயன்களில் ஒன்றிலே பிறந்தவர். மூதாட்டி அவருடைய தாயின் தாய். அவர் ‘அம்மாயி’ என்று அழைப்பார். நாமும் அப்படியே அழைக்கத் தொடங்கினோம்.

அம்மாயியின் வாழ்வில் புகைப்படம் என்பது எப்பொழுதும் சர்க்கார் கேட்ட பொருளாகவே இருந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தை நாடற்றதாக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தந்தையார் கொடுத்த விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்கள் எண்ணிப் பிரிக்கப்பட்டார்கள். மீதமிருந்த 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அம்மாயியின் தம்பிமார் இருவர் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். அதற்காக மாத்தளை ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்த படத்தின் பிரதி கண்ணாடி போட்டு லயத்துச் சுவரில் தொங்கிற்று. தம்பிமார் நீலகிரிக்குப் போனார்கள். படம் 1983 ஜூலையில் லயத்தோடு சேர்ந்து எரிந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே அம்மாயி தாம் பிறந்த நாட்டின் பிரஜையானார். அதன்பின் அடையாள அட்டை கிடைத்தது. அதற்குப் படம் எடுக்கப் போன நாளில், மகளின் வைத்தியச் செலவுக்காகத் தோடு அடகுக் கடையில் இருந்தது. “தலைத்துண்டை எடுங்க, காது தெரியணும்” என்றாராம் படம் பிடித்தவர். காது தெரிந்தது.

தாயார் அணிந்திருந்த ஏழுகல் தோடு அது. வட்டி கட்டிக் கட்டிப் பல ஆண்டுகளுக்குப் பின் மீட்டு, இப்பொழுது அணிந்திருந்தார்.

பேரனின் கையில் தொலைபேசி இருக்கிறதே, அதிலேயே எடுத்துவிடலாமே என்று வாசகர் கேட்கலாம். எடுத்திருக்கிறார்கள். “அதுல மூக்குத்தான் தம்பி வருது” என்று அம்மாயி ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பின்புலத்தை மங்கலாக்கிக் காட்டும் ஏற்பாடு ஒன்றும் அந்தத் தொலைபேசியில் உண்டு. அது தலைமயிர் எது, தோடு எது, சுவர் எது என்று அறியாமல் ஒரு காதைச் சுவரோடு சேர்த்துக் கரைத்து வைத்திருந்தது. 

நாம் கொண்டுபோனது ‘சோர்க்கி-4’ என்னும் சோவியத் கமரா. எமது தந்தையார் விட்டுச் சென்ற உடைமை. இது தொலைமானிக் கமரா என்னும் இனத்தைச் சேர்ந்தது. அதாவது, படம் பதியும் வில்லையின் ஊடாக நாம் பார்ப்பதில்லை. அருகிலுள்ள சிறு சாளரத்தின் ஊடாகப் பார்க்கிறோம். அதில் ஒரே பொருள் இரண்டு உருவங்களாகத் தெரியும். வில்லையைத் திருகத் திருக இரண்டும் நெருங்கும். ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்போது தூரம் சரியாயிற்று என்று பொருள். நம் இரு கண்களும் தூரம் அறியும் அதே கணக்கு. இந்த இனத்துச் சோவியத் கமராக்களில் மூத்ததான ‘பெட்’, ஜெர்மன் லைக்காவைப் பார்த்துச் செய்யப்பட்டது. 1934 முதல் கார்க்கோவ் நகரில், வீடற்ற சிறுவர்களுக்காக அமைந்த கம்யூன் ஒன்றில், அச்சிறுவர்களின் கைகளாலேயே உருவாயிற்று. கம்யூனை நடத்தியவர் கல்வியாளர் அன்ரன் மகரென்கோ. தெருப் பிள்ளைகளால் நுண்கருவி செய்ய முடியும் என்று காட்டிய அந்தக் காரியத்தை நாம் வணங்குகிறோம். அக்கமராவுக்கு இரகசியப் போலிசை நிறுவியவரின் பெயரெழுத்துகளைச் சூட்டியதில் எமக்கு ஒரு முணுமுணுப்பும் உண்டு. அது நிற்க.

கமராவோடு வந்த வில்லை 50 மில்லிமீற்றர் ‘ஜூப்பிற்றர்-8’. சாதாரண வில்லை. லயத்து இஸ்தோப்பில் அம்மாயியை உட்கார வைத்து, தலையும் தோளும் சட்டத்தை நிரப்பும்வரை நெருங்கினோம். மூன்றடித் தூரம் வந்துவிட்டது. அம்மாயியின் தோள்கள் இறுகின. தலை தானாகவே பின்வாங்கியது. “கங்காணி கிட்டக்க வந்து நின்ன மாதிரி இருக்கு” என்று சிரித்தார். சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது.

சுருளைக் கழுவிப் பார்த்தோம். மூக்கு முன்னே வந்திருந்தது. கன்னங்கள் அகன்று காதுகளை மறைத்திருந்தன. ஏழுகல் தோடு கடுகளவு மின்னிற்று. அட்டைப் படத்தை விட இது ஒன்றும் மேலானதன்று என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

இதன் காரணத்தைப் பலர் வில்லையின் தலையில் சுமத்துவார்கள். சிறு வில்லை முகத்தைக் கெடுக்கும், நீண்ட வில்லை அழகாக்கும் என்பார்கள். அது சரியன்று. முகத்தைக் கெடுப்பதும் திருத்துவதும் தூரமே. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து அங்குலம். மூக்கிலிருந்து இரண்டடியில் நின்று பார்த்தால், காது தனக்கு உரிய அளவில் நூற்றுக்கு 83 பங்காகவே தெரியும். மூன்றடியில் 88. ஐந்தடிக்குச் சற்று மேலே போனால் 93. எட்டடியில் 95. எந்த வில்லையைப் பூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. நீண்ட வில்லை செய்வதெல்லாம், அவ்வளவு தூரத்தில் நின்றபடியே சட்டத்தை முகத்தால் நிரப்பித் தருவதுதான். அப்படியானால் 50 வில்லையோடு ஐந்தடி தள்ளி நின்று எடுத்து, நடுப் பகுதியை மட்டும் பெருப்பித்தால் என்ன? பெருப்பிக்கலாம். ஆனால் நெகட்டிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். சுவரில் மாட்டும் அளவுக்குப் பெருப்பித்தால் அம்மாயியின் முகத்தில் மணலை அள்ளித் தூவியது போலிருக்கும். செய்து பார்த்தே சொல்கிறோம்.

ஆகவே குறுந்தொலை வில்லை ஒன்று வேண்டும் என்றாயிற்று. எவ்வளவு நீளம் என்பது அடுத்த கேள்வி. தொலைமானிக் கமராக்களுக்கு 73 மில்லிமீற்றர் முதல் 135 வரை பல நீளங்களில் இவ்வகை வில்லைகள் வந்திருக்கின்றன. 135 என்றால் எட்டடி தள்ளி நிற்க வேண்டும். வில்லை வாங்குமுன் அந்தத் தூரத்தை முற்றத்தில் அளந்து நின்று பார்த்தோம். “துரை அவ்வளவு தள்ளி நின்னுதான் பேசுவாரு” என்றார் அம்மாயி. பிரட்டுக் களத்தை நாம் கண்டதில்லை, அவர் கண்டிருக்கிறார். எட்டடியை அங்கேயே கைவிட்டோம். அதற்கு வேறொரு காரணமும் உண்டு, பின்னர் சொல்வோம்.

எஞ்சியவை 73இலிருந்து 105 வரை. இங்கேதான் ஆசை புகுந்தது. படம் பிடிப்பவர்களின் நோய் இது. வில்லையின் துவாரம் எவ்வளவு அகலம் என்பதைக் குறிக்கும் எண் சிறிதாகச் சிறிதாக விலை ஏறும், மோகமும் ஏறும். லைட்ஸ் கம்பனி 1931இல் எப் 1.9 துவாரமுடைய 73 மில்லிமீற்றர் ஹெக்ரரை வெளியிட்டது. 1935இல் ‘தம்பார்’ என்ற 90 மில்லிமீற்றர் வில்லையை வெளியிட்டது. முகத்தின் சுருக்கங்களைப் பனி போர்த்தியது போல மறைப்பதே அதன் வேலை. மூவாயிரத்துக்கு உட்பட்டே செய்யப்பட்ட அது இன்று சேகரிப்பாளர்களின் பெட்டகப் பொருள். 2017இல் அதை மீண்டும் வெளியிட்டார்கள். 1980இல் வந்த 75 மில்லிமீற்றர் சம்மிலக்ஸ் எப் 1.4 வரை திறக்கும். இவற்றின் விலையைக் கேட்பதற்கே எமக்குத் துணிவு பிறக்கவில்லை.

எமது கைக்கு எட்டியது 85 மில்லிமீற்றர், எப் 2 ‘ஜூப்பிற்றர்-9’. ஒரு நண்பர் இரவல் தந்தார். இதன் வமிசம் சுவையானது. ஜெர்மனியில் லூட்விக் பேர்ட்டலே வகுத்த ‘சொனார்’ என்னும் அமைப்பே மூலம். போர் முடிந்ததும் சைஸ் தொழிற்சாலையின் கருவிகள் நட்டஈடாகச் சோவியத் நாட்டுக்குப் போயின. அங்கே அது ஜூப்பிற்றர் ஆயிற்று. ஜப்பானிலும் அதே வழியில் 85 மில்லிமீற்றர் நிக்கோர் பிறந்தது. 1950இல் தோக்கியோவில், மிகி ஜுன் என்ற இளம் படப்பிடிப்பாளர் அந்த நிக்கோரால் அமெரிக்கரான டேவிட் டக்ளஸ் டங்கனை மங்கிய வெளிச்சத்தில் படம் எடுத்தார். பெருப்பித்த படத்தைப் பார்த்து வியந்த டங்கன் நேரே அத்தொழிற்சாலைக்குப் போனார். சில நாள்களில் கொரியப் போர் மூண்டது. போர்க்களத்திலிருந்து அவர் அனுப்பிய படங்களோடு அந்த வில்லைகளின் பெயரும் உலகெங்கும் பரவிற்று. ஒரு மனிதனின் முகத்தை எடுக்கப் பிறந்த வில்லை, சாகிற மனிதர்களால் புகழ் பெற்றது.

ஜூப்பிற்றரைப் பூட்டிக்கொண்டு இரண்டாம் முறை போனோம். அதே இஸ்தோப்பு, மழைக்கால வெளிச்சம். எப் 2 துவாரத்தை முழுதும் திறந்து, ஐந்தடியில் நின்று இரண்டு சுருள்களைச் சுட்டோம். பெருமிதத்தோடு திரும்பினோம்.

எழுபத்திரண்டு படங்களில் கண்கள் கூர்மையாக விழுந்தவை ஒன்பது. அந்த ஒன்பதிலும் காதுகள் மங்கல். தோடு இரண்டு வெள்ளைப் புள்ளிகளாக, மழையில் நனைந்த விளக்குகள் போல, விரிந்து கிடந்தன. அழகென்று சிலர் சொல்லக்கூடும். அம்மாயி படங்களைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எமக்குத் தேநீர் ஊற்றினார்.

அன்றிரவு தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டோம். முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. 85 வில்லை எப் 2 துவாரத்தில் ஐந்தடியில் கூர்மையாகக் காட்டும் ஆழம் நான்கு சென்றிமீற்றருக்கும் குறைவு. கண்ணில் குறி வைத்தால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு. கண்ணிலிருந்து காதோ ஒன்பது, பத்துச் சென்றிமீற்றர் பின்னால் இருக்கிறது. அது போகட்டும், கண்ணையாவது தப்பாமல் பிடிக்கலாமா? சோர்க்கியின் இரண்டு தொலைமானிச் சாளரங்களுக்கும் இடையே உள்ள அகலம் ஏறத்தாழ 38 மில்லிமீற்றர். சாதாரணக் கண்பார்வை கொண்டு அந்த அகலத்தால் ஐந்தடித் தூரத்தை அளந்தால், இரண்டு சென்றிமீற்றர் முன்னே பின்னே தவறுவது இயல்பு. கருவியின் தவறே கூர்மையின் எல்லை முழுவதையும் தின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரு மூதாட்டி மூச்சு விடுகிறார், சிரிக்கிறார், தலை ஓரிரு சென்றிமீற்றர் அசைகிறது. 1954இல் வந்த லைக்கா எம்-3 கமராவின் சாளர இடைவெளி 68 மில்லிமீற்றருக்கு மேல். அதில் தவறு சற்றுக் குறையும். ஆனால் அது எம்மிடம் இல்லை. 135 வில்லையைக் கைவிட்டதன் மற்றக் காரணமும் இதுவே: தூரம் கூடக்கூட, இத்தவறு தூரத்தின் இருமடிப் பெருக்கமாக வளரும்; எட்டடியில் நான்கு சென்றிமீற்றருக்கு மேலாகிவிடும். பழைய சோவியத் வில்லைகள் பல கைகள் திறந்து மூடியவை, அவற்றின் திருகு மரைகள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதும் உண்மை. எனினும் இரவல் தந்த நண்பரின் பொருளைக் குறை சொல்வது எமக்கு முறையன்று. குறை எமது பேராசையில் இருந்தது.

மூன்றாம் முறை போவதற்கு இடையில் நீண்ட மழை. அந்த நாள்களில் இலங்கையின் பழைய படங்கள் அடங்கிய நூல்களைப் புரட்டினோம். ஜூலியா மார்கரெட் கமெரோன் என்ற ஆங்கில மாது 1875இல் இங்கு வந்து, 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடங்கினார். 30 அங்குல நீளமுள்ள பெரிய டால்மேயர் வில்லையைக் கையாண்டவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்கள் டார்வின், டெனிசன், ஹெர்ஷல் என்று பெயரோடு நிற்கின்றன. இங்கே அவர் எடுத்த தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் பெரும்பாலும் பெயரற்றவர்கள். ஸ்கோவன் கம்பனி முதலிய ஸ்ரூடியோக்கள் பிரயாணிகளுக்கு விற்ற படங்களோ இன்னும் ஒருபடி மேலே போகின்றன. ‘தமிழ்ப் பெண்’ என்று கீழே அச்சிட்டிருக்கும். தோடும் மூக்குத்தியும் ஒவ்வொரு கல்லாக எண்ணலாம், அத்தனை துல்லியம். பெயர் மட்டும் இல்லை. அம்மாயியின் அட்டையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பெயர் இருக்கிறது, இலக்கம் இருக்கிறது, தோடு இல்லை. லயனல் வென்ட் எமது நாட்டில் லைக்காவைக் கையில் எடுத்து உழைக்கும் உடல்களின் அழகைக் காட்டியவர், 1938இல் லண்டனில் தனிக் கண்காட்சி வைத்தவர், 1944இல் காலமானார். அவர் படங்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அவற்றிலும் எம்மைத் திரும்பிப் பார்த்து “இப்படி எடு” என்று சொல்லும் முகத்தைக் காண்பது அரிது. பல்லேபொலவில் ஒருவர் எம்மிடம் அப்படிச் சொல்லியிருந்தார். நாமோ துவாரத்தின் அகலத்தில் மயங்கிக் கிடந்தோம்.

கண்டியில் காலஞ்சென்ற ஒரு படப்பிடிப்பாளரின் வீட்டு அலுமாரியில் 90 மில்லிமீற்றர் எல்மார் ஒன்று இருந்தது. 1931இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வெளிவந்த எளிய வில்லை. நான்கே கண்ணாடித் துண்டுகள். அகலத் திறந்தாலும் எப் 4தான். மோகம் கொண்டவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். மலைநாட்டு ஈரத்தில் வில்லைகளில் பூஞ்சணம் படர்ந்து கண்ணாடியைத் தின்றுவிடும். இதை அந்த வீட்டார் வறுத்த அரிசி இட்ட தகர டப்பாவுக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். ஓரத்தில் மெல்லிய மூட்டம் இருந்தது, அவ்வளவே. ஜூப்பிற்றரின் சந்தை விலைக்கும் குறைவாகவே கேட்டார்கள். வாங்கிய அன்றே ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்துப் படமெடுத்து, சோர்க்கியின் தொலைமானியோடு இது ஒத்துப்போகிறதா என்று சோதித்தோம். இம்முறை முதலிலேயே சோதித்தோம்.

90 வில்லைக்கு ஏற்ற தூரம் ஐந்தடிக்குச் சற்று மேல். எப் 4இல் கூர்மையின் ஆழம் ஏழரைச் சென்றிமீற்றர். எப் 8 வரை குறுக்கினால் பதினைந்து. மூக்கும் கண்ணும் காதும் தோடும் அதற்குள் அடங்கும். கன்ன எலும்பில் குறி வைத்தால் போதும், கருவியின் தவறும் அம்மாயியின் மூச்சும்கூட அதற்குள் அடங்கும். ஆனால் எப் 8க்கு வெளிச்சம் வேண்டுமே. இஸ்தோப்பின் இருளில் அது கிடையாது. இருளைவிட்டு வெளியே வருவது என்ற எளிய யோசனை எட்டு மாதங்களாக எமக்குத் தோன்றவில்லை. முற்றத்தில் ஒரு பலாமரம் நின்றது. மாலை நான்கு மணிக்கு அதன் நிழலில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் மெதுவாக வந்து விழுந்தது; 400 வேகப் பிலிமில், எப் 8இல், 125இல் ஒரு செக்கன் போதுமானதாயிற்று. பக்கத்துச் சிங்கள வீட்டிலிருந்து, ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் சாய்மனை இல்லாத நாற்காலி ஒன்றைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து, வேலிக்கருகில் நின்று வேடிக்கை பார்த்தார். அவருக்கும் ஒரு படம் எடுத்துக் கொடுத்தோம்.

அம்மாயி நீலச் சேலை உடுத்தியிருந்தார். தலைமயிரை எண்ணெய் தடவி இழுத்துக் கட்டி, காதுகளை முழுதும் வெளியே விட்டிருந்தார். நாம் பழக்கதோஷத்தால் ஓரடி முன்னே போனோம். 

“அங்கேயே நில்லுங்க தம்பி. பேசுறது கேக்குது.”

ஐந்தடியில் நின்றோம். இரண்டு பேர் இஸ்தோப்பின் இரு முனைகளில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பேசும் தூரம் அது. குரலை உயர்த்தவும் வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம். தம்பிமார் கப்பலேறப் போன நாளைப் பற்றிச் சொன்னார். பேச்சினிடையே நாம் சுட்டுக்கொண்டிருந்தோம். 90 வில்லைக்குச் சோர்க்கியின் சாளரம் உதவாது. தூரத்தை ஒரு சாளரத்தில் பார்த்துவிட்டு, சட்டத்தை மேலே பூட்டிய வேறொரு சிறு சாளரத்தில் பார்க்க வேண்டும். இந்தத் தொல்லையால் ஒவ்வொரு படத்துக்கும் இடையே முகத்திலிருந்து கமராவை இறக்க நேர்ந்தது. அப்போதெல்லாம் அம்மாயி எம் கண்ணைப் பார்த்துப் பேசினார். தொல்லை என்று நாம் நினைத்தது பேச்சுக்கு வசதியாயிற்று.

சிறு பிரதிகளை ஒரே தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். எமக்கு ஒன்றின்மேல் கண். தம்பிமாரில் இளையவரின் குறும்பொன்றைச் சொல்லி அம்மாயி தலையைச் சாய்த்து நகைக்கும் படம். முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்திலும் எழுபத்தெட்டு ஆண்டுகள் ஓடுவதாக எமக்குத் தோன்றிற்று. உழைப்பாளியின் முகம் என்றால் இதுவன்றோ என்று நண்பரிடம் பிரசங்கமும் செய்தோம். எந்த மாத சஞ்சிகையும் அட்டையில் போட்டுக்கொள்ளும். 

அம்மாயி அதைத் தொடவேயில்லை. தாளின் கடைசி வரிசையில் இருந்த ஒன்றைக் காட்டினார். நேராக உட்கார்ந்து, வாய் மூடி, சிரிப்பின்றி, கமராவை நேரே பார்க்கும் படம். ஏறக்குறைய அடையாள அட்டையின் படம் போன்றது. சுருக்கங்கள்கூட அந்த மர நிழலில் சற்று மென்மையாகவே விழுந்திருந்தன.

“இதா அம்மாயி? சிரிக்கிற படம் நல்லா இருக்கே” என்று நண்பர் எமக்காகப் பரிந்து பேசினார்.

“அதுல ஒரு காது மறைஞ்சிருக்கு” என்றார் அம்மாயி. “சிரிச்சது போதும். இதுல ரெண்டும் தெரியுது. கல்லு ஏழும் தெரியுது, எண்ணிப் பாரு.”

எண்ணிப் பார்த்தோம். இடக் காதில் ஏழும் தெரிந்தன. வலக் காதில் ஆறுதான் தெரிந்தது. அதை நாம் அவரிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து அங்குலத்தில் பெருப்பித்து, மாத்தளையில் சட்டம் போட்டுக் கொடுத்தோம். படம் இன்னும் சுவரில் ஏறவில்லை. உயிரோடிருப்பவரின் படத்தை மாட்டலாகாது என்று துணியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். நாம் விரும்பிய படம் எமது இழுப்பறையில் கிடக்கிறது. அவருடைய அனுமதி இல்லாமல் அதை எங்கும் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கேட்கவும் எமக்குத் துணிவு வரவில்லை.

சென்ற மாதம் நண்பர் கடிதம் எழுதியிருந்தார். பேத்தியின் படிப்புச் செலவுக்காகத் தோடு மறுபடியும் அடகுக் கடைக்குப் போயிருக்கிறதாம். அம்மாயி இன்னொரு பிரதி கேட்கிறார், கோத்தகிரியிலுள்ள தம்பி குடும்பத்துக்கு அனுப்ப வேண்டுமாம். அளவு சிறிதாக இருந்தாலும் பாதகமில்லை, ஓரத்தை மட்டும் வெட்டிவிடக் கூடாது என்று சொல்லச் சொன்னாராம்.